மண்ணும் மரமும் மணக்கும் மெழுகுவத்தி

தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து மட்டாஞ்சேரிக்குள் நுழைகின்றவர், கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும், தாம் எந்தத் தெருவில் நிற்கின்றோம் என்பதை மூக்கினாலேயே அறிந்துகொள்ளலாம். கடைவீதியில் சுக்கும் மிளகும் மணக்கும். யூதர் தெருவில் சாதிக்காயும் கிராம்பும் மணக்கும். காயலோரத்தில் உப்பும் மீனும் ஈரக் கயிறும் கலந்து வீசும். 1568ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயத்தைச் சுற்றியுள்ள கிடங்குகளில் பல இன்று பழம்பொருட் கடைகளாக மாறிவிட்டன. மூட்டைகள் குறைந்துபோயின. ஆயினும் சுவர்கள் தாம் உண்ட மணத்தை இன்னும் விட்டபாடில்லை.

இம்மணத்தின் நடுவே வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம், வீட்டில் ஏற்றி வைப்பதற்கு ஒரு நறுமண மெழுகுவத்தி வேண்டுமாயின் என்ன செய்கின்றோம்? பளபளக்கும் கண்ணாடிக் குவளையில் அடைத்து, 'சந்தனம்' என்று பொன்னெழுத்தில் பொறித்து, எங்கிருந்தோ வருகின்ற ஒன்றைக் கேட்ட விலை கொடுத்து வாங்குகின்றோம். அதனுள் சந்தனம் உண்டா என்று வினவுவோர் மிகச் சிலர். மண்ணின் மணமும் மரத்தின் மணமும் உடைய மெழுகுவத்தியை நம் வீட்டு அடுக்களையிலேயே செய்துகொள்ளலாம் என்பதையும், அதற்குரிய பொருள்களுள் முதன்மையான இரண்டு உலகெங்கும் தமிழ்ப் பெயராலேயே வழங்குகின்றன என்பதையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரயில்வேப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தர் பணி புரிவோருக்கு மூக்கு தானே பயிற்சி பெற்றுவிடும். ஒட்டியுள்ள சீட்டைப் படிக்குமுன்னரே இது ஏலம், இது கருவாடு, இது மதுரை மல்லிகை என்று நாங்கள் சொல்லிவிடுவதுண்டு. அந்தப் பழக்கந்தான் எங்கள் இல்லத்தில் இத்தொழிலுக்கு வித்திட்டது. இல்லாள் மெழுகு காய்ச்ச, எடை போட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது எங்கள் பங்காயிற்று. அக்குறிப்பேட்டிலிருந்து சில பக்கங்களையே ஈண்டு விரித்துரைக்கின்றோம்.

முதலில் அந்த இரண்டு பெயர்களைப் பார்ப்போம். உலகில் எந்த நாட்டு வாசனைக் கடைக்குச் சென்றாலும், மரமணமும் மண்மணமும் கொண்ட கலவைகளில் இரண்டு பொருள்கள் அடிக்கடி வந்து நிற்கும். ஒன்று 'வெட்டிவெர்'. இது நம் வெட்டிவேரே அன்றி வேறில்லை. பிரெஞ்சுக்காரர் நாவில் ஏறி அவ்வாறு திரிந்தது. மற்றொன்று 'பச்சௌலி'. பச்சிலை என்னும் பொருள்படும் தமிழ்ச் சொற்களிலிருந்தே இப்பெயர் பிறந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கூறுவர். பாரிசு நகரத்துச் சீமாட்டி தன் மணிக்கட்டில் தடவிக்கொள்ளும் வாசனைப் புட்டியினுள் நம் மொழிச் சொற்கள் இரண்டு அடைபட்டிருக்கின்றன. எர்ணாகுளத்துப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளோ, புட்டியின்மேல் ஆங்கில எழுத்தில் அதனைப் படித்து, ஏதோ மேனாட்டுச் சரக்கு என்று எண்ணிக்கொள்கின்றனர். இது வருந்தத்தக்கதன்றோ?

இவ்வாணிகம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. மேற்கு மலையில் விளைந்த சந்தனமும் அகிலும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத் தெருக்களில் குவிந்து கிடந்தன என்பதைப் பட்டினப்பாலை படித்தோர் அறிவர். அன்று மணம் மேற்கிலிருந்து கிழக்கே சென்றது. இன்று கடலூர்க் கடற்கரை மணலில் விளைந்த வெட்டிவேர், ஊருக்குச் சென்று திரும்புவோர் பையில் ஏறி மேற்கே வருகின்றது. மலையாள நாட்டிலும் அது இல்லாமலில்லை. பொன்னானிக்கும் சாவக்காட்டுக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களில் 'ராமச்சம்' என்ற பெயரால் அதனைப் பயிரிடுகின்றனர்.

நிற்க. மரமணம் என்றவுடன் யாவர்க்கும் சந்தனமே நினைவுக்கு வரும். ஆனால் மெழுகுவத்திக்குச் சந்தனம் ஏற்றதன்று என்பதே எங்கள் துணிபு. சந்தன மரம் பிற மரங்களின் வேரில் தன் வேரை ஊன்றி, ஓரளவு அவற்றிடமிருந்தே உண்டு வளர்வது. அதன் நறுமணமெல்லாம் நடுவில் உள்ள வைரத்தில்தான் சேர்கின்றது. அவ்வைரம் முற்றுவதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். இடுக்கி மாவட்டத்து மறையூரில் வனத்துறையினர் சந்தனக் காட்டை வேலியிட்டுக் காவல் காக்கின்றனர் என்றால், அதன் அருமை சொல்லாமலே விளங்கும். 1916ஆம் ஆண்டில் மைசூர் அரசு எண்ணெய் ஆலை தொடங்கிய நாள்முதல், அந்த எண்ணெய் உலகச் சந்தையில் தனி மதிப்புப் பெற்று வந்துள்ளது. நல்ல சந்தன எண்ணெயில் 'சாண்டலால்' என்னும் கூறு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இருத்தல் வேண்டும் என்பது பன்னாட்டுத் தரவிதி. அத்தகைய எண்ணெயை ஒரு குவளை மெழுகில் மணக்கும் அளவுக்குக் கலந்தால், அந்த ஒரு மெழுகுவத்தியின் விலை எளிய குடும்பத்தின் ஒரு வாரச் செலவையும் விஞ்சிவிடும். ஆகவே மலிவாகக் கிடைக்கும் 'சந்தன' மெழுகுவத்தியில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் இயற்றிய செயற்கை மணமே. செயற்கை மணம் குற்றமன்று. அதற்குச் சந்தனம் என்று பெயரிடுவதே குற்றம்.

சந்தனத்தை விட்டுவிட்டால் மரமணத்திற்கு வேறு வழி யாது? தேவதாரு இருக்கின்றது. இமயமலைத் தேவதாருவின் எண்ணெய், சந்தனத்தின் விலையில் மிகச் சிறு பங்கிற்கே அத்தர்க் கடைகளில் கிடைக்கும். காய்ந்த பலகையின் மணமும் சிறிது புகைமணமும் அதற்கு உண்டு. ஈர மண்ணின் மணத்திற்கு வெட்டிவேர் எண்ணெயும் பச்சௌலி எண்ணெயும் உள்ளன. நடுவில் நிற்பதற்குச் சாதிக்காய் எண்ணெய் தகும். சாதிக்காய் நம் எர்ணாகுளம் மாவட்டத்துக் காலடி, அங்கமாலிப் பகுதிகளிலேயே நிறைய விளைகின்றது. மேலே மிதப்பதற்கு எலுமிச்சம்புல் எண்ணெய். இதற்கு உலக வாணிகத்தில் 'கொச்சி எண்ணெய்' என்றே பெயர். பெரும்பாவூருக்கு அருகிலுள்ள ஓடக்காலியில் 1951ஆம் ஆண்டிலேயே இப்புல்லுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தனர். இன்று அது வேளாண் பல்கலைக்கழகத்தின்கீழ் நறுமணப் பயிர்களையும் மருந்துப் பயிர்களையும் ஆராய்கின்றது.

மணங்களைக் கலப்பதற்கு ஒரு முறை உண்டு. எளிதில் ஆவியாகும் எண்ணெய் முதலில் மூக்கை எட்டி, முதலிலேயே மறைந்தும் போகும், எலுமிச்சம்புல் அத்தகையது. கனமான எண்ணெய் மெல்ல எழுந்து நெடுநேரம் தங்கும். வெட்டிவேரும் பச்சௌலியும் அத்தகையன. சாதிக்காய் இவற்றிற்கு இடைப்பட்டது. இவற்றை மேல்மணம், இடைமணம், அடிமணம் என்று நாங்கள் குறித்துக்கொள்வோம். வீட்டிற்கு அடித்தளம் எவ்வாறோ அவ்வாறே கலவைக்கு அடிமணம். அது வலுவாக இருத்தல் வேண்டும். ஆனால் அடித்தளமே வீடாகிவிடுதல் கூடாது. வெட்டிவேர் எண்ணெய் பாதிக்குமேல் போனால் அறை முழுதும் நனைந்த கோணிப்பை போல் மணக்கும். அளவோடு சேர்த்தாலோ, மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி அறையில் பரவும்.

எங்கள் அன்னையார் கடலூர்ப் பக்கத்து மணலூரில் பிறந்து வளர்ந்தவர். எங்களோடு வந்து தங்கிய முதல் ஆண்டு இடவப்பாதி மழையைத் திண்ணையில் அமர்ந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, இந்த ஊர் மழைக்கு வாசனையே இல்லையே!" என்றார். அது வெறும் ஊர்ப்பற்று என்று நாங்கள் அன்று எண்ணினோமல்லோம். அதில் ஏதோ உண்மை இருத்தல் வேண்டும் என்றே தோன்றிற்று. பின்னர்ப் படித்தறிந்தவை அவர் சொல்லுக்கு அரண் செய்தன. 1964ஆம் ஆண்டில் ஆசுதிரேலிய நாட்டு அறிவியலார் பேர் அம்மையாரும் தாமசு என்பவரும் மழைமணத்தை ஆராய்ந்து அதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டனர். வறண்ட காலத்தில் செடிகொடிகளிலிருந்து வெளிப்படும் எண்ணெய்கள் மண்ணிலும் கல்லிலும் படிந்து சேர்கின்றன; முதல் ஈரம் பட்டவுடன் அவை எழுந்து மணக்கின்றன என்று அவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டே, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தோற்றுவிக்கும் 'சியோசுமின்' என்னும் பொருளை அமெரிக்க அறிஞர் இருவர் பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். ஓர் இலட்சம் கோடிப் பங்கில் சில பங்கே அது இருப்பினும் நம் மூக்கு அதனை உணர்ந்துவிடும்.

மண் நெடுநாள் காய்ந்து கிடந்தால்தான் முதல் மழை மணக்கும். எர்ணாகுளத்திலோ ஆண்டிற்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது; கடலூரில் அதிற் பாதிக்கும் குறைவே. இங்கே மண் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகின்றது. நாம் பிறந்த ஊரின் மணம் என்று எதனை நினைத்து ஏங்குகின்றோமோ, அது அவ்வூரின் வறட்சி தந்த மணம். எந்த வறட்சி நம்மை வேலை தேடி மலை கடந்து வரச் செய்ததோ, அதுவே அந்த மணத்தையும் சேர்த்து வைத்தது. இதனை எண்ணிப் பார்ப்போர்க்கு மனம் சற்றே நெகிழும்.

இம்மண்மணத்தைப் புட்டியில் பிடிப்பதற்கும் நம் நாட்டார் வழி கண்டிருக்கின்றனர். உத்தரப்பிரதேசத்துக் கன்னோசியில், சுட்ட களிமண் துண்டுகளைச் செப்புக் கொப்பரையில் நீரோடு இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கிற் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறக்குவர். 'மிட்டி அத்தர்', அதாவது மண் அத்தர், என்பது அதன் பெயர். ஆசுதிரேலிய அறிவியலார்கூடத் தம் கட்டுரையில் இக்கன்னோசித் தொழிலைக் குறிப்பிட்டனர். ஆயினும் அதன் விலையும் எரிப்பதற்கு உரியதன்று. வெட்டிவேரும் பச்சௌலியும் சேர்ந்தால் அதற்கு அணிமையில் வரலாம். அன்னையார் கண்ணை மூடி முகர்ந்து, "மழை இல்லை, ஆனால் மழைக்கு முன்னால் இருக்கிற மண்" என்று தீர்ப்புக் கூறினார். அதற்குமேல் நற்சான்று எங்களுக்கு வேண்டியதில்லை.

இனிச் செய்முறை. 125 கிராம் அளவுள்ள நான்கு மெழுகுவத்திகளுக்கு வேண்டுவன: பாரபின் மெழுகு 500 கிராம், தேவதாரு எண்ணெய் 12 கிராம், வெட்டிவேர் எண்ணெய் 6 கிராம், சாதிக்காய் எண்ணெய் 5 கிராம், பச்சௌலி எண்ணெய் 4 கிராம், எலுமிச்சம்புல் எண்ணெய் 3 கிராம். எண்ணெய்கள் எல்லாம் சேர்ந்து 30 கிராம், அதாவது மெழுகின் எடையில் நூற்றுக்கு ஆறு பங்கு. இதற்குமேல் ஊற்றினால் மணம் கூடாது. எண்ணெய் மெழுகில் சேராமல் வியர்த்து வெளிவரும். இவ்வளவையும் ஒரே நாளில் வாங்கிக் கலந்துவிடாமல், இதே விகிதத்தில் முதலில் சொட்டுக் கணக்கில் சிறு புட்டியில் கலந்து, காகிதத் துண்டில் தோய்த்து, உடனே ஒரு முறையும், ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறையும், மறுநாள் ஒரு முறையும் முகர்ந்து பார்த்தல் நன்று. கலந்த எண்ணெயை மூடி ஒரு வாரம் இருட்டில் வைத்தால் மணங்கள் ஒன்றோடொன்று இணங்கிவிடும். வெட்டிவேர் எண்ணெய் கெட்டியானது. புட்டியை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தினால் எளிதில் ஒழுகும்.

மெழுகை நேரே அடுப்பில் வைத்தல் ஆகாது. அகன்ற பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டு, அதனுள் வேறொரு பாத்திரத்தை வைத்தே உருக்குதல் வேண்டும். பாரபின் ஏறத்தாழ 58, 60 பாகைச் சூட்டில் உருகும். நன்கு உருகித் தெளிந்தபின் அடுப்பை அணைத்துவிட்டு, சூடு 70 பாகைக்குக் கீழே இறங்கியபின் எண்ணெயை விட்டு இரண்டு நிமிடம் மெல்லக் கிளறுக. அடுப்பை அணைக்காமல் எண்ணெய் விடுதல் கூடவே கூடாது. சாதிக்காய் எண்ணெயின் ஆவி எளிதில் தீப்பற்றும். பருத்தித் திரியை முன்னரே மெழுகில் தோய்த்துக் காயவைத்து நிறுத்துக. இவ்வூர் ஈரக்காற்றில் வெறுந்திரி நமத்துப்போய்ப் படபடக்கும். தடித்த கண்ணாடிக் குவளையோ எவர்சில்வர் டம்ளரோ ஏற்றது. மெருகிடாத மண்சட்டி அழகாயிருப்பினும் மெழுகைக் குடித்துவிடும். ஆதலின் அது வேண்டா. ஊற்றி முடித்து ஒரு வாரம் மூடி வைத்தபின் ஏற்றினால் மணம் நிறைவாக இருக்கும்.

மெழுகுவத்தியின் மணம் சுடரிலிருந்து வருவதன்று. சுடரைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளத்திலிருந்தே அது எழுகின்றது. குளம் அகலமாகப் பரவினால்தான் மணம் பரவும்; ஆதலின் குவளைக்குத் தக்க திரி வேண்டும். திரி மெல்லியதாயின் சுடர் குழிக்குள் மூழ்கும். பருத்ததாயின் கரி கக்கும். காய்ந்த மெழுகை முகர்ந்து பார்த்தே 'மணம் போதும், போதாது' என்று முடிவு கட்டிவிடலாகாது. எரியவிட்டுப் பார்த்தல் வேண்டும். அப்பொழுதும், அறையிலேயே இருப்பவர் மூக்கு சில நிமிடங்களில் பழகி மரத்துவிடும். வெளியிலிருந்து வரும் அண்டை வீட்டாரே தக்க நடுவர்.

சில எச்சரிக்கைகளும் கூறுதல் கடமை. அழகுக்காக வெட்டிவேர்த் துணுக்கையும் பட்டைத் துண்டையும் மெழுகின்மேல் பதிப்போர் உளர். காய்ந்த வேர் இரண்டாவது திரியாகித் தீப்பிடிக்கும். வேரை மேசைமேல் வைத்து அழகு பாருங்கள், மெழுகில் வேண்டா. ஏற்றுமுன் திரியைக் கால் அங்குல அளவிற்கு நறுக்குக. மூன்று மணி நேரத்திற்குமேல் தொடர்ந்து எரியவிடற்க. சன்னலைச் சிறிது திறந்து வைக்க. வீட்டில் இரைப்பு நோயுள்ள குழந்தையோ முதியவரோ இருப்பின் ஏற்றாமலிருத்தலே நன்று. இயற்கை எண்ணெய் என்பதால் அதன் ஆவி எல்லார்க்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணுதல் பொருந்தாது. எண்ணெயைக் கலக்கும்போது கையில் படாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் இன்று மூன்று வீட்டுப் பெண்டிர் சேர்ந்து இதனைச் செய்கின்றனர். சென்ற பொங்கல் விழாவில் 'வெட்டிவேர் மெழுகுவத்தி' என்று தமிழில் எழுதிய சீட்டு ஒட்டி, ஒன்று 150 ரூபாயாக 40 விற்றனர். வந்த 6000 ரூபாயில் செலவு போக மிஞ்சியதை மூவரும் பகிர்ந்துகொண்டனர். பெரிய தொகையன்று, ஆயினும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவுக்குக் கணவர் கையை எதிர்பாராத பணம். அதன்பின் வணிகர் ஒருவர் வந்து முகர்ந்து பார்த்து, சீட்டில் 'சந்தனம்' என்று மாற்றினால் 200 எடுத்துக்கொள்வதாகக் கூறினார். வெட்டிவேர் என்றால் வெளியூரார்க்கு விளங்காது என்பது அவர் வாதம். இரு நாள் பெண்டிர் கலந்து பேசினர். அந்த 200க்கு வரக்கூடிய பணம் அவர்கள் மூவருக்கும் சிறிதன்று. ஒரு வீட்டில் பள்ளிக் கட்டணத் தவணை வேறு காத்திருந்தது. முடிவில் மாற்ற இயலாது என்று சொல்லியனுப்பினர். அவர் திரும்பி வரவில்லை. தவணை கட்ட வேண்டியவரே முதலில் மறுத்தவர் என்பதை இங்கே குறித்தல் தகும்.

அவர் சொல்லிய காரணம் எங்களுக்கு இன்னும் நினைவில் நிற்கின்றது: 'கடலூர் வேரைச் சந்தனம் என்று விற்றால், நாளைக்கு வேரை யார் கேட்பார்கள்?' என்றார். அது வாணிகக் கணக்கில் நட்டமாக இருக்கலாம். மானக் கணக்கில் அன்று. மணல் வெளியில் பதினைந்து மாதத்திற்குமேல் காத்திருந்து, ஆழத் தோண்டி வேரெடுக்கும் உழவனின் உழைப்பு, அதன் உரிய பெயராலேயே விலைபோதல் வேண்டும்.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுவே. இம்மழைக்காலத்தில் ஒரு முறையேனும் செய்து பாருங்கள். கலவையின் அளவை உங்கள் மூக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தஞ்சைக் களிமண்ணை நினைப்பவர் பச்சௌலியைக் கூட்டலாம், கொல்லிமலைக் காட்டை நினைப்பவர் தேவதாருவைக் கூட்டலாம். குவளையின்மேல் உள்ளே இருப்பதன் பெயரையே எழுதுங்கள். அதனைத் தமிழில் எழுதுங்கள். பிள்ளைகள் 'இது என்ன வாசனை?' என்று கேட்டால், வேரையும் இலையையும் அவர்கள் கையில் கொடுத்து, அவற்றின் பெயரை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள்.